ஐந்து போத்தல் மதுசாரம்

சிவபாதம் மாஸ்டருக்கு இரண்டு பிடிவாதங்கள். நல்ல தமிழ்ச் சொல் ஒன்று அகப்பட்டால் இங்கிலீசுச் சொல்லை வாயில் வைக்கமாட்டார். ஒரு காரியத்தைச் செய்துகாட்டுகிறேன் என்று நாலுபேர் முன்னால் சொல்லிவிட்டால், பிறகு தலைகீழாக நின்றாலும் 'முடியாது' என்று ஒப்புக்கொள்ளமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு மாற்றலாகி வந்த மூன்று வருஷத்தில் இந்த இரண்டாலும் அவருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. குளிர்தான் தொந்தரவு. கழுத்தில் மப்ளரும் கையில் குடையுமாக மூச்சுவாங்க மேடேறி, எட்டு மணிக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நிற்பார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிப்பதென்று முடிவாயிற்று. மாஸ்டருக்குக் கலியாணம் வந்த மாதிரி சந்தோஷம். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஒரு பொருள் எரியும்போது எவ்வளவு சூடு வெளியே வருகிறது, அந்தச் சூடு முதலில் அதற்குள் எங்கே குடியிருந்தது என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்ல 'வெப்பவுள்ளுறை' என்று ஒரு சொல் கிடைத்தது. அதை உச்சரிக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஆல்கஹாலுக்கு வைத்திருந்த 'அற்ககோல்' என்ற சொல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அற்ககோல் எண்டால் அது என்ன கோல்? செங்கோலோ, எழுதுகோலோ?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார். "மதுசாரம் எண்டு வைக்கிறன். வடிவான சொல்."

"ஐசே சிவபாதம், அது சமஸ்கிருதமெல்லோ?" என்றார் அதிபர் தம்பு.

"கனகாலமாய் எங்களோடைதானே இருக்குது. இனி அதைத் துரத்தேலாது."

தம்பு பேப்பரை விரித்துக்கொண்டார். ஓய்வுபெற இரண்டு வருஷமே பாக்கி. அதுவரைக்கும் எந்த வாக்குவாதத்திலும் வெல்வதில்லை என்று அவர் ஒரு விரதம் வைத்திருந்தார்.

அந்தத் தவணையில் மாஸ்டர் ஒரு பரிசோதனை செய்ய ஆசைப்பட்டார். மதுசாரங்களில் பல வகை உண்டு. மெதைல், எதைல், புரோபைல், பியூட்டைல் என்று ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு காபன் நீளம். நீளம் கூடக்கூட எரியும்போது வரும் சூடும் ஒரே அளவில் படிப்படியாகக் கூடும். அது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் காட்டுவது. மாஸ்டர் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அதுவும் பியூட்டைல்தான். அதே நாலு காபன், அதே பத்து ஐதரசன், அதே ஒரு ஒட்சிசன். ஆனால் அணுக்கள் நேர்வரிசையில் நிற்காமல் ஒன்றைச் சுற்றி மூன்றாகக் கிளைவிட்டு நிற்கும். சாமான் ஒன்றே, கட்டியிருக்கும் விதம் வேறு. ஆகவே எரியும்போது வரும் சூடும் வேறு. இதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது மாஸ்டரின் பத்து வருஷ ஆசை.

ஐந்து போத்தலுக்கும் கொழும்புக்கு எழுதினார். மதுவரிக்காரரின் அனுமதிப் பத்திரமும் முறைப்படி வந்து அலுமாரியில் இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. கண்ணாடிப் போத்தல்களாயிற்றே, சாமான் இறக்குகிறவர்கள் போட்டு உடைத்துவிடுவார்களே என்று ஹட்டன் ஸ்டேஷனுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். 'எமது பாடசாலைக்கு ஐந்து போத்தல் மதுசாரம் வருகிறது. பிள்ளைகள் ஆவலோடு காத்திருக்கிறார்கள். தயவுசெய்து கவனமாக இறக்கவும்.'

அந்தக் கடிதத்தை ஸ்டேஷனில் யாரோ உரக்க வாசித்தார்கள். பத்து மணிக்கு அது பஸ் நிலையத்துக்கு வந்தபோது ஐந்து, பதினைந்து ஆகியிருந்தது. நோர்வூட் பஸ்ஸில் ஏறிப்போய்த் திரும்பி வந்தபோது ஐம்பது. பிள்ளைகள் ஆவலோடு காத்திருக்கும் சங்கதி மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது.

பிரதான வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அழகுமுத்து முதலாளிதான் ஊர் மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி. பத்து வருஷமாகச் சாராயத் தவறணை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கும்பிடுகிற மனிதர். அதனாலேயே பலர் பின்வாசலால் போகப் பழகியிருந்தார்கள். அவர் மூன்று அங்கத்தவர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்த நேரம், மேல்வகுப்பில் பிள்ளைகள் ஒரே குரலில் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மெதைல் மதுசாரம், எதைல் மதுசாரம், புரோபைல் மதுசாரம்..."

அழகுமுத்து வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார்.

"என்னங்க பெரிய மாஸ்டர் இது? தவறணையிலகூட ரெண்டு வகைதான் விக்கிறான். இங்க பேர் சொல்லிப் படிக்கிற அளவுக்கு வந்திருச்சே."

தம்புவுக்கு வியர்த்தது. ஹட்டனில் அவருக்கு வியர்த்தது அதுதான் முதல் தடவை. சிவபாதம் வந்து, இது குடிக்கிற சாமான் இல்லை, குடித்தால் சிலதில் கண் போகும், சிலதில் ஆளே போகும், இது எரிக்கிற சாமான் என்று விளக்கினார்.

"எரிச்சு?" என்றார் அழகுமுத்து.

"தண்ணியைச் சூடாக்குவம்."

"அதுக்கு வெறகு இல்லீங்களா? கொழும்புல இருந்தா வரணும்?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அங்கேதான் அவருடைய இரண்டாவது பிடிவாதம் வாயைத் திறந்தது. "சனிக்கிழமை எல்லாரும் வாங்கோ. ஒரு பால்பேணியையும் ஒரு விளக்கையும் வைச்சு, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு என்ன வடிவத்திலை கட்டியிருக்கு எண்டு உங்களுக்குக் காட்டுறன். நேராய் நிக்கிறது கூடச் சூடு, கிளைவிட்டு நிக்கிறது குறையச் சூடு. காட்டாமல் விட்டால் நான் இந்த உத்தியோகத்தை விடுறன்."

கடைசி வசனம் யாரும் கேட்காதது. இருந்தாலும் வந்துவிட்டது. தம்பு அவசரமாக ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். சனிக்கிழமை வரைக்கும் போத்தல்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டாம். சங்கத்தின் பொறுப்பில், முத்திரை வைத்து, முதலாளியின் கடையிலேயே இருக்கட்டும். இதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊரில் உண்டா? எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஸ்டேஷனிலிருந்து பெட்டி நேரே கடைக்குப் போய், பருப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மதுவரி இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்க இரண்டு காவலர்களோடு கடைக்குள் நுழைந்தார். அவருக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போயிருந்தது. மதுவிலக்குச் சங்கக் காரியதரிசி பருப்பு மூட்டைக்குப் பின்னால் சரக்கு ஒளித்து வைத்திருக்கிறார் என்று அதில் இருந்தது. எழுதியவர் பெயரில்லை. ஆனால் நாலு வரியிலும் அத்தனை சந்தோஷம் தெரிந்ததாம்.

செய்தி கேட்டு அனுமதிப் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு சிவபாதம் ஓடினார். பின்னால் தம்பு. கடை வாசலில் பாதி ஊர் நின்றது. தவறணைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் இருந்தார்.

ஏக்கநாயக்க நல்ல மனிதர், சந்தைத் தமிழ் சரளமாகப் பேசுவார். பத்திரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இது ஸ்கூலுக்குக் குடுத்தது. இது கடை. பருப்புக்கு என்னத்துக்கு லைசன்ஸ்?" என்று கேட்டார். தம்பு விளக்கத் தொடங்கி, நடுவழியில் தானே குழம்பி நின்றார்.

பெட்டியைத் திறந்தார்கள். முதல் நாலு போத்தலும் தண்ணீர்போலத் தளும்பின. ஐந்தாவதைத் தலைகீழாகக் கவிழ்த்தார் இன்ஸ்பெக்டர். ஒரு சொட்டு அசையவில்லை. உள்ளே வெள்ளையாக, கட்டியாக ஏதோ இறுகிக் கிடந்தது.

"மே மொகத?" என்றார், இது என்ன என்று சிங்களத்தில். பிறகு தமிழில், "மெழுகு. யாரோ சாமானைக் குடிச்சிட்டு மெழுகு ஊத்தி வச்சிருக்கு."

கூட்டம் முழுவதும் அழகுமுத்துவைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். பத்து வருஷம் கும்பிட்ட கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. அவருடைய மனைவி நாகலெட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள், கடையில் பாதி நிர்வாகம் அவள் கையில்.

"மாத்தயா, இவரு சோடா குடிச்சாலே ஏப்பம் விடப் பயப்படுவாரு," என்றாள். "காலையில எங்க வீட்டுத் தேங்காயெண்ணெயும் இப்படித்தான் கட்டியா இருக்கு. அதையும் யாரும் குடிச்சிட்டு மெழுகு ஊத்தலைங்க." போத்தலை வாங்கி, கழுத்தளவு வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்தாள்.

சிவபாதமும் முதலில் அதை மெழுகு என்றே நம்பினார். கொழும்புக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தார். அவள் தேங்காயெண்ணெய் என்று சொன்ன பிறகுதான் புத்தகத்தில் வாசித்தது ஞாபகம் வந்தது. கிளைவிட்ட பியூட்டைல் மதுசாரம் இருபத்தைந்து பாகையிலேயே உறைந்துவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் அது தண்ணீராக ஓடியிருக்கும். ஹட்டனில் கல். அவர் சந்தோஷத்தில் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியளோ, பாத்தியளோ? நாலாம் போத்தலும் அஞ்சாம் போத்தலும் ஒரே அணுக்கள். ஒண்டு ஓடுது, ஒண்டு உறையுது. வடிவம் வேறை!"

இன்ஸ்பெக்டர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். போத்தல் சட்டிக்குள் உருகத் தொடங்கியிருந்தது. "ஹரி, சரி. ஆனா எரியிற சாமான்னு சொன்னதுதானே? எரிச்சுக் காட்டுங்க. இங்கயே. காட்டினா நான் எழுதிட்டுப் போறேன்."

அப்படித்தான் சனிக்கிழமைப் பரிசோதனை வெள்ளிக்கிழமையே, பள்ளிக்கூடத்தில் நடக்கவேண்டியது கடையில் நடந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகள் பதினொருபேரும் விளக்குகள், வெப்பமானி, இரசாயனத் தராசு எல்லாவற்றையும் சுமந்து வந்தார்கள். சாமான் மேசையை ஒதுக்கிவிட்டு, பால்பேணியாக வைத்த வெறும் டின்னில் தண்ணீர் அளந்து ஊற்றி, மாஸ்டர் முதல் விளக்கைக் கொளுத்தினார்.

வாசலால் வந்த காற்றில் சுவாலை படுத்துக்கொண்டது. டின்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது சூடாக்கியது. இன்ஸ்பெக்டரின் தொப்பியைக்கூட. முதல் கணக்கு வந்தது. புத்தகத்தில் இருப்பதில் மூன்றிலொரு பங்கு. இரண்டாந்தரம் செய்தார். நாலிலொரு பங்கு. தவறணைக்காரர் சிரித்தார்.

நாகலெட்சுமி கொஞ்ச நேரம் இதைப் பொறுத்துப் பார்த்தாள். "மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. இந்த மாதிரி அடுப்பு எரிச்சா எங்க வீட்ல சோறு பொங்கல் வரைக்கும் வேகாது," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். வெறும் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே பளபளவென்று ஈயத்தாள் ஒட்டியிருந்தது. பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, டின்னையும் விளக்கையும் உள்ளே தள்ளி, வாய்ப்பக்கத்தை ஒரு பலகையால் முக்கால்வாசி மூடினாள். சுவாலை நிமிர்ந்து நின்றது.

அதற்குப் பிறகு கணக்குகள் பிள்ளைகள் மாதிரி வரிசையில் வந்தன. ஒரு மூலுக்கு மெதைல் நூற்றுப்பன்னிரண்டு கிலோகலோரி. எதைல் இருநூற்றுப்பதினாலு. புரோபைல் முந்நூற்றுப்பதினாறு. பியூட்டைல் நானூற்றிருபது. புத்தகத்தைவிடக் குறைவுதான், மிச்சம் காற்றிலும் டின்னிலும் போய்விட்டது. ஆனால் ஒரு காபன் கூடக்கூட ஏறக்குறைய நூறு கூடியது. அரிசிக் கொள்கலன் மூடியில் சோக்கால் எழுதிய அந்த நாலு இலக்கத்தையும் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு படியும் ஒரே உயரம் என்பது எழுத்தறியாதவர்களுக்கும் புரிந்தது.

"இனி வடிவம்," என்றார் மாஸ்டர். மப்ளரைக் கழற்றி வைத்தார்.

"வடிவம் மாறினா சூடு ஏன் மாறணும்?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

"தோட்டத்திலை மேல் டிவிசன், கீழ் டிவிசன் எண்டு இருக்குதெல்லோ? ரண்டிலையும் எடுக்கிற கொழுந்து வந்து சேருறது கீழை இருக்கிற ஒரே ஸ்டோருக்கு. எரிஞ்சு முடிஞ்சால் எல்லா மதுசாரமும் அப்பிடித்தான். கடைசியிலை வாறது கரியமில வாயுவும் தண்ணியும். எங்கை இருந்து இறங்கினது எண்டதிலைதான் வித்தியாசம். அந்த இறக்கம்தான் சூடு. நேராய் நிக்கிறது மேல் டிவிசன். கிளைவிட்டது முதலே வசதியாய்க் கீழை குந்தியிருக்குது. அதுக்கு இறக்கம் குறைவு."

"எவ்வளவு கீழங்க?"

"நூற்றுக்கு ஒரு பங்கு."

"அட. அப்ப டிவிசன் இல்லைங்களே. ஒரு படிக்கட்டுன்னு சொல்லுங்க."

மாஸ்டர் புது விளக்கு ஒன்றை எடுத்தார். உருகிய ஐந்தாம் போத்தலை விளக்கில் ஊற்றினார். அது மறுபடி உறைந்துவிடாதிருக்க விளக்கைக் கையால் பொத்திச் சூடாக்கிக்கொண்டு கொளுத்தினார். கணக்கு வந்தது. நானூற்றுப்பதினேழு.

நேர் பியூட்டைல் நானூற்றிருபது, கிளை பியூட்டைல் நானூற்றுப்பதினேழு. தம்பு கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் மாஸ்டரின் உத்தியோகமும் மானமும் பத்திரம். ஆனால் ஒருமுறை செய்து முடிவுகட்டுகிற பழக்கம் அவரிடம் இல்லை. இன்னொருதரம் செய்தார். நேர், நானூற்றுப்பதின்மூன்று. கிளை, நானூற்றிருபத்துமூன்று. மூன்றாந்தரம். நேர், நானூற்றிருபத்துநாலு. கிளை, நானூற்றுப்பதினாலு.

மத்தியானம் ஆகிவிட்டது. மாஸ்டர் மூடியின்மேல் குனிந்து இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். தேடிவந்த வித்தியாசம் நானூறில் நாலைந்துதான். ஒரே சாமானைத் திரும்பத் திரும்ப எரித்தாலே இலக்கம் பத்து ஆடுகிறது. நாகலெட்சுமி சொன்ன அந்த ஒரு படிக்கட்டு இந்தப் பால்பேணிக்குத் தெரியவில்லை. பத்து வருஷ ஆசை. மேல்வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. உத்தியோகத்தை விடுகிறேன் என்று வேறு சொல்லியாயிற்று.

"ஐசே," என்று தம்பு காதில் கிசுகிசுத்தார், "முதல் கணக்கை மட்டும் சொல்லும். இஞ்சை ஆருக்கு விளங்கப்போகுது?"

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "அப்ப எது கூட மாஸ்டர்?"

சிவபாதம் சோக்கைக் கீழே வைத்தார். காது சிவந்திருந்தது. "புத்தகத்திலை நேர்தான் கூட. அது சரியாய்த்தான் இருக்கும். ஆனால் இந்தப் பேணியாலை அதைக் காட்டேலாது. நான் காட்டுறன் எண்டு சொன்னது பிழை. எது கூட எண்டு இந்தக் கணக்கை வைச்சு எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

தவறணைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அழகுமுத்து, காலையிலிருந்து பேச்சிழந்து நின்றவர், தொண்டையைச் செருமினார்.

"முப்பது வருஷமா தராசு புடிக்கிறேன். அரிசி நிறுக்கிற தராசுல குங்குமப்பூ நிறுக்க முடியாது. நெறையப் பேரு நிறுத்துக் குடுக்கிறான். முடியாதுன்னு சொல்றவன்கிட்டத்தான் நான் சாமான் வாங்குவேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "மாஸ்டர் வேலைய விடக்கூடாது. விட்டா சங்கம் ஊர்வலம் போகும்," என்றார்.

ஏக்கநாயக்க குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினார். எரிகிற சாமான்தான், குடிக்கப்படவில்லை. போத்தல்களை அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றும்படி சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "மாஸ்டர், அந்தக் கல்லாகிற சாமான், நுவரெலியாக் குளிருக்குக் கொண்டுபோனா இன்னும் கல்லாகுமா?"

"நல்லாய் ஆகும்."

"ஹரி, ஹரி," என்று திருப்தியோடு போனார்.

அடுத்த மாதம் சங்கத்தின் கூட்டத்தில் பேச மாஸ்டரை அழைத்தார்கள். குடியின் தீமை பற்றி அரைமணி நேரம் என்று ஏற்பாடு. மாஸ்டர் குடியை ஒரு வசனத்தில் கண்டித்துவிட்டு, மிச்சம் ஒன்றேமுக்கால் மணி நேரம் வெப்பவுள்ளுறை பற்றிப் பேசினார். முப்பதுபேர் வந்திருந்தார்கள். முடியும்போது ஐந்துபேர் இருந்தார்கள். எழுந்து போனவர்களில் பாதிப்பேர் நேரே தவறணைக்குப் போனதை அழகுமுத்து ஜன்னலால் பார்த்தார். மேடையில் இருந்ததால் இறங்கிப்போய்க் கும்பிட முடியவில்லை.

கடைசிவரை இருந்த ஐந்துபேரில் நாகலெட்சுமி ஒருத்தி. கூட்டம் கலைந்ததும் மாஸ்டரிடம் வந்தாள்.

"தேயிலை மிலாறுக் குச்சி சுருக்கா எரிஞ்சு சட்டுனு சூடு குடுத்துட்டு அணைஞ்சிருது. சவுக்குக் கட்டை நின்னு எரியுது. ஒரே எடை எடுத்தா எது கூடச் சூடு மாஸ்டர்?"

மாஸ்டர் யோசித்தார். "தெரியேல்லை," என்றார். இந்தத் தடவை காது சிவக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை நிறுத்து எரிச்சுப் பாப்பமே?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வெப்பமானியோடு வந்துவிட்டார். அடுப்பையும் பெரிய பானையையும் இருவருமாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அழகுமுத்து முதலாளி வீட்டில் மத்தியானச் சாப்பாடு மாலை நாலரைக்குத்தான் கிடைத்தது. சோறு மட்டும். குழம்புக்கு வைத்திருந்த விறகையெல்லாம் கணக்குக்கு எரித்துவிட்டார்கள்.